ரயிலைப் பார்க்காமல் ரயிலை நடத்துபவர்கள்

அமெரிக்க ரயில் பாதைகளில் எந்த வண்டி எப்போது நகர வேண்டும், எது லூப் லைனில் ஒதுங்கி எதிர்வண்டிக்கு வழிவிட வேண்டும், பராமரிப்புத் தொழிலாளர்கள் எந்த நேரத்தில் தண்டவாளத்தில் இறங்கலாம் என்பதையெல்லாம் முடிவுசெய்து உத்தரவிடுபவர் டிஸ்பேச்சர். இந்திய ரயில்வேயில் செக்‌ஷன் கன்ட்ரோலர் பார்க்கும் வேலைக்கு நெருக்கமான வேலை இது. ஆனால் முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு. இந்தியாவில் கன்ட்ரோலர் திட்டமிட்டாலும், பக்கத்து ஸ்டேஷனிடம் லைன் கிளியர் என்ற அனுமதியை வாங்கி வண்டியை அனுப்புபவர் ஸ்டேஷன் மாஸ்டர். அமெரிக்காவின் நீண்ட சரக்குப் பாதைகளில் அப்படி ஒருவர் இடையில் இல்லை. டிஸ்பேச்சர் ரேடியோவில் சொல்லும் சொல்லோ, அவருடைய கணினியிலிருந்து மாறும் சிக்னலோதான் வண்டிக்கு அனுமதி. நெப்ராஸ்காவின் ஒமாஹாவிலும் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்திலும் உள்ள மையங்களில் உட்கார்ந்திருப்பவர்கள், பல மாநிலங்களுக்கு அப்பால் ஓடும் வண்டிகளை நடத்துகிறார்கள். அவற்றில் ஒன்றைக்கூட அவர்கள் கண்ணால் பார்ப்பதில்லை.

இந்தத் தொழில் தந்தியோடு பிறந்தது. 1851ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில், ஈரி ரயில்வேயின் கண்காணிப்பாளர் சார்லஸ் மைனாட் பயணம் செய்த வண்டி, தாமதமாகிவிட்ட எதிர்வண்டிக்காக டர்னர் என்ற நிலையத்தில் காத்து நின்றது. அடுத்திருந்த கோஷன் நிலையத்துக்குத் தந்தி அடித்து, எதிர்வண்டி இன்னும் வரவில்லை என்று தெரிந்துகொண்ட மைனாட், அது வந்ததும் அங்கேயே நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டுத் தன் வண்டியைக் கிளப்பச் சொன்னார். கம்பியில் வந்த சேதியை நம்பி எதிர்வண்டி வரவேண்டிய ஒற்றைப் பாதையில் இறங்க ஓட்டுநர் ஐசக் லூயிஸ் மறுத்துவிட்டார். மைனாட் தானே என்ஜினை ஓட்ட, லூயிஸ் கடைசிப் பெட்டியின் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருடைய பயத்தில் நியாயம் இருந்தது: தொலைவிலிருந்து வரும் ஒரு சொல் தவறாக இருந்தால் முதலில் அடிபடுபவர் என்ஜினில் இருப்பவர். டிஸ்பேச்சர் பயிற்சியின் ஒவ்வொரு விதியும் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இவ்வளவு பொறுப்புள்ள வேலைக்கு அரசு விதிப்படியான சான்றிதழ் மிகத் தாமதமாகவே வந்தது. 1987 ஜனவரியில் மேரிலாந்தின் சேஸ் அருகே 16 பேரைப் பலிகொண்ட மோதலுக்குப் பிறகு, என்ஜின் ஓட்டுநர்களுக்கான சான்றிதழ் விதி 1991இல் வந்தது. நம் ஊர் கார்டு போன்றவரான கண்டக்டருக்கு 2011இல் விதி வகுத்தார்கள். டிஸ்பேச்சர்களுக்கான விதியைக் கூட்டரசு ரயில்வே நிர்வாகம் வெளியிட்டது 2024 மே மாதத்தில். அது நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு ஜூலையில். அதுவரை பயிற்சியே இல்லை என்பதல்ல. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆட்களைத் தன் வழியில் பழக்கி, தானே தேர்வு வைத்துக்கொண்டது. வண்டியை ஓட்டுபவருக்குச் சான்றிதழ் கட்டாயம், அவருக்கு உத்தரவிடுபவருக்குக் கட்டாயமில்லை என்ற நிலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இவ்வளவு காலம் இழுத்திருக்கக் கூடாது.

புதிய விதியிலும் சான்றிதழைத் தருவது அரசு அல்ல, ரயில் நிறுவனம்தான். நிறுவனம் தன் பயிற்சித் திட்டத்தை எழுதி அரசின் ஒப்புதலுக்கு வைக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்த திட்டத்தின்படி ஆட்களைச் சோதித்துச் சான்றளிக்க வேண்டும். பயிற்சி இத்தனை வாரம் என்று விதி எதையும் நிர்ணயிக்கவில்லை. ஏற்கெனவே நாற்காலியில் இருந்தவர்கள் தொடக்கத்தில் சான்றிதழ் பெற்றவர்களாகவே ஏற்கப்பட்டார்கள். சான்றிதழ் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

பயிற்சிக்கு முன்பே சில வாசல்கள் உண்டு. விண்ணப்பிப்பவரின் சாலை வாகன ஓட்டுநர் பதிவேடு பார்க்கப்படுகிறது. முந்தைய 36 மாதங்களில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய பதிவு இருந்தால், போதைப் பழக்க ஆலோசகரின் மதிப்பீடு தேவை. முன்பு வேறு ரயில் நிறுவனத்தில் பணியாற்றியிருந்தால் அங்கே அவருடைய பாதுகாப்புப் பதிவு எப்படி என்று கேட்டறிய வேண்டும். பார்வை, நிறம் பிரித்தறிதல், செவித்திறன் மூன்றும் சோதிக்கப்படும். வேலை முழுவதும் நிறக்கோடுகள் ஓடும் திரையிலும் இரைச்சல் கலந்த ரேடியோவிலும் நடப்பதால் இந்தச் சோதனை சடங்கல்ல.

அதன்பின் வகுப்பறை. இயக்க விதிப் புத்தகம், சிக்னல் முறைகள், ஆபத்தான சரக்குக்கான கட்டுப்பாடுகள், அவசர கால நடைமுறை எல்லாம் அங்கே கற்பிக்கப்படும். பிறகு தேர்ந்த டிஸ்பேச்சர் ஒருவரின் அருகில் உட்கார்ந்து, அவர் கண்காணிப்பில் நேரடி வேலை. தொழிலில் 'டெஸ்க்' என்பது மேசையல்ல; ஒருவரின் பொறுப்பில் விடப்பட்ட பாதைப் பகுதி. பயிற்சியின் கடினமான பாதி அதை மனத்தில் ஏற்றுவதுதான். எந்த லூப்பில் எவ்வளவு நீள வண்டி அடங்கும், எந்த ஏற்றத்தில் கனத்த வண்டியை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது சிரமம், எங்கே ரேடியோ சரியாக எட்டாது, எங்கே வண்டி நின்றால் ஊரின் லெவல் கிராசிங்கை அடைத்துக்கொள்ளும் என்பவற்றையெல்லாம் வரைபடம் முழுதாகச் சொல்லிவிடாது. ஒரு டெஸ்க்கில் தேர்ந்தவர் அடுத்த டெஸ்க்கில் தானாகவே தேர்ந்தவர் ஆகிவிடமாட்டார். நெடுநாள் விலகியிருந்து திரும்பினால் அதே பகுதிக்கும் மறுபடி தகுதி பெற வேண்டும்.

பயிற்சியின் உயிர்நாடி, உத்தரவு சொல்லும் முறை. சிக்னல் இல்லாத பாதைகளில், இன்ன இடத்திலிருந்து இன்ன இடம்வரை போகலாம் என்ற அனுமதி 'டிராக் வாரண்ட்' என்ற பெயரில் ரேடியோவில் படிக்கப்படுகிறது. டிஸ்பேச்சர் நிதானமாகச் சொல்ல, கண்டக்டர் அச்சிட்ட படிவத்தில் எழுதுகிறார். ஓடும் வண்டியின் கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருப்பவர் எழுதக் கூடாது. 47 என்ற மைல்கல்லை 'நான்கு, ஏழு' என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்கிறார்கள். எழுதி முடித்த கண்டக்டர் முழுவதையும் திருப்பிப் படிக்க வேண்டும். டிஸ்பேச்சர் அதைத் தன் திரையில் உள்ளதோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு, பிழையில்லை என்றால் 'ஓகே' என்று நேரத்தைச் சொல்கிறார். படிவத்தில் அந்த நேரம் ஏறும்வரை உத்தரவு செல்லாது. வண்டி அதை நம்பி ஓர் அடிகூட நகரக் கூடாது.

திருப்பிப் படிப்பதைக் காதில் வாங்காமல் 'ஓகே' சொன்னால் என்ன ஆகும் என்பதை 1997 ஜூன் 22 காட்டியது. டெக்சஸின் டிவைன் அருகே இரண்டு சரக்கு வண்டிகள் நேருக்கு நேர் மோதி நான்கு பேர் இறந்தார்கள். டிராக் வாரண்ட் தவறாகச் சொல்லப்பட்டதும், திருப்பிப் படித்தது சரிபார்க்கப்படாததும் விசாரணையில் வெளிவந்தன.

இப்போது அனுமதி எல்லையைத் தாண்டும் வண்டியைத் தானே நிறுத்தும் பி.டி.சி. என்ற கருவி பல பாதைகளில் இருக்கிறது. ஆனால் எல்லை எது என்பதை அதற்குச் சொல்வது டிஸ்பேச்சரின் கணினிதான். தொழிலாளர்கள் வேலை செய்யும் பகுதிக்குத் திரையில் போட்ட தடையை, அவர்கள் விலகிவிட்டதாகச் சொல்லும் முன்பே ஒருவர் எடுத்துவிட்டால், கருவிக்கும் அந்தப் பாதை காலியாகவே தெரியும்.

பணிநேரமும் பாதுகாப்பின் பகுதி என்பதை 1907ஆம் ஆண்டின் சட்டமே ஏற்றுக்கொண்டது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஷிஃப்ட் உள்ள அலுவலகத்தில் டிஸ்பேச்சர் 24 மணி நேரத்தில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஒரே ஷிஃப்ட் என்றால் 12 மணி நேரம். ஷிஃப்ட் மாறும்போது நிலுவையில் உள்ள வாரண்டுகளையும் தடைகளையும் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும்.

சான்றிதழ் கிடைத்த பிறகும் கண்காணிப்பு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையாவது முன்னறிவிப்பில்லாத சோதனை நடக்கும். சான்றிதழை ரத்துசெய்யும் தவறுகளை விதி வரிசைப்படுத்துகிறது: வேண்டிய உத்தரவைச் சரியாகத் தராதது, மூடப்பட்ட பாதையில் வண்டியை விட்டது, தொழிலாளர்களுக்கான தடையைப் போடாதது அல்லது முன்கூட்டியே எடுத்தது, லெவல் கிராசிங் எச்சரிக்கைக் கருவி பழுதான செய்தி வந்தும் அதற்குரிய உத்தரவைச் சரியாகத் தராதது, போதையில் பணியாற்றியது. இவற்றில் சிறு மறதிக்கோ தாமதத்துக்கோ இடமில்லை. ஒவ்வொன்றும் தண்டவாளத்தில் நிற்கும் யாரோ ஒருவரின் உயிர். அதே சமயம், விசாரணை நடத்தி, ஒருவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்காமல் நிறுவனம் அவருடைய சான்றிதழை ரத்துசெய்ய முடியாது. முடிவை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். ரத்து உறுதியானால், ரத்துக் காலம் முடியும்வரை அந்த நிறுவனத்தில் மட்டுமல்ல, வேறெந்த ரயில் நிறுவனத்திலும் அவர் டிஸ்பேச்சர் வேலை பார்க்க முடியாது.