குறை சொல்லவும் ஒரு முறை உண்டு

உளியும் கல்லைத்தான் அடிக்கிறது. சம்மட்டியும் கல்லைத்தான் அடிக்கிறது. ஒன்று சிலையைத் தருகிறது. மற்றொன்று சல்லியைத் தருகிறது. விமர்சனமும் அப்படித்தான். இதை நான் கற்றது ஒரு புகைப்படத்தால்.

எங்கள் விடுதி நண்பர்கள் சிலர், எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக் கருத்துக் கேட்பது வழக்கம். சென்ற ஆண்டு முதலாமாண்டுத் தம்பி ஒருவன், கோயில் வாசலில் பூத்தொடுக்கும் பாட்டியைப் படமெடுத்து வந்தான். "இது என்ன, பேய்ப் படமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அதன்பின் அவன் படமே கொண்டு வரவில்லை.

படத்தில் குறை இருந்தது உண்மை. பாட்டியின் விரல்கள் மங்கியிருந்தன. தலைக்குப் பின்னால் மின்கம்பம் ஒன்று, கொம்பு முளைத்தாற்போல் நின்றது. ஆனால் நான் சொன்ன சொல்லில் இவ்விரண்டுமே இல்லை. என் கெட்டிக்காரத்தனம் மட்டுமே இருந்தது.

குறை சொல்பவன் காரணத்தையும் மாற்று வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷட்டர் 1/30 நொடி திறந்திருந்தால் அசையும் விரல் மங்கும். 1/250 நொடியாக்கினால் பெரும்பாலும் தெளியும். ஆனால் உள்ளே வரும் ஒளி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். அதை ஈடுகட்ட லென்சின் துளையை அகலமாக்க வேண்டும், அல்லது ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்ட வேண்டும். மின்கம்பத்தை மறைக்கவோ, இரண்டடி நகர்ந்து நின்றாலே போதும்.

நிறையையும் இப்படியே குறிப்பாகச் சொல்ல வேண்டும். "அருமை" என்ற ஒற்றைச் சொல்லால் யாரும் எதையும் கற்பதில்லை. பக்கவாட்டில் விழுந்த காலை வெயில் பாட்டியின் முகச் சுருக்கங்களை அழகாக எடுத்துக் காட்டியது என்றால், அடுத்த முறையும் அவன் அந்த வெயிலைத் தேடிப் போவான்.

அமெரிக்கப் புகைப்பட மேதை ஆன்சல் ஆடம்ஸ், 1941-இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவுதயப் படத்தைப் பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் அச்சிட்டார். வானத்தை மேலும் மேலும் இருளாக்கிச் செம்மை செய்தார். மேதைக்கே முதல் அச்சு முடிவன்று. அப்படியிருக்க, தொடக்கக்காரனின் முதல் படத்திற்குத் தீர்ப்பு எழுத நான் யார்?

எல்லாவற்றிற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சென்ற வாரம் அவனிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு அதைக் கேட்டேன்: "தம்பி, எதைக் காட்ட நினைத்தாய்?"

"பாட்டி கையைப் பார்க்காமலே தொடுப்பாங்க அண்ணா. அதைத்தான்."

படத்தை மீண்டும் வாங்கிப் பார்த்தேன். விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன, கண்களோ அசையாமல் தெருவைப் பார்த்திருந்தன. நான் குறை என்று சொன்ன மங்கல்தான் படத்தின் உயிர்!

அடுத்த கூட்டத்திற்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அன்று முதலில் என் படத்தை வைக்கப் போகிறேன். முதல் கருத்தை அவன் சொல்லட்டும்.