சப்பாத்தைக் கழற்றும்போது காலையும் பாருங்கள்!

"உடம்பைக் கவனியுங்கள்" என்று சொன்னால் நம் தோட்டத்து மக்கள் சிரிக்கிறார்கள். "விடியக்காலம் நாலரைக்கு எழுந்து, சோறாக்கி, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டுப் பிரட்டுக்கு ஓடணும். இதிலே உடம்பைப் பார்க்க எங்கண்ணே நேரம்?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். நாமும் லயத்தில் பிறந்து, பால் வாளி தூக்கிய தாயின் கையால் சோறுண்டு வளர்ந்தவர்கள்தாம். ஓடுங்கள், குதியுங்கள் என்று உபதேசம் பண்ண நாம் வரவில்லை. ஆனால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாம் கண்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

குலை வெட்டுவதில் கெட்டிக்காரரான ஓர் அண்ணன். இனிப்பு நீர் இருப்பது தெரியும். மாத்திரையை நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. ஒரு நாள் மட்டை முள் காலில் ஏறிவிட்டது. வலிக்கவில்லை, அதனால் அவரும் பார்க்கவில்லை. நாற்றம் வந்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். நாம் பார்க்கப் போனபோது அவர் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இவரு வேலைக்குப் போகலேன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்களாண்ணே?"

வலிக்கவில்லையே என்று அவர் இருந்தார். அதுதான் இந்த நோயின் சூது. நாளாக நாளாகக் கால் நரம்பு மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது நூற்றுக்குச் சுமார் 31 பேர்! லயத்தில் வீட்டுக்கு வீடு எண்ணிப் பாருங்கள், புரியும்.

அப்படியானால் என்ன செய்வது? புதிதாக நேரம் தேட வேண்டாம். தினமும் செய்கிற வேலையோடு ஒன்றைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள், போதும்.

சப்பாத்தைக் கழற்றும்போது காலைக் கழுவி, விரல் இடுக்கையும் துடைத்து, உள்ளங்காலைப் பாருங்கள். கண் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். காயம் இருந்தால் மறுநாளே கிளினிக்குக்குப் போங்கள்.

பசியாறும்போது தேநீரைக் கவனியுங்கள். ஒரு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டிச் சீனி, நாளுக்கு நான்கு கோப்பை என்றால் பன்னிரண்டு கரண்டி ஆயிற்று. ஆறு கரண்டிக்குள் இருப்பதே நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. டின் பாலிலும் பாதிக்குப் பாதி சீனிதான்! ஒரேயடியாக நிறுத்தினால் நாக்கு கேட்காது. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். ஒரு மாதத்தில் பழைய தேநீர் உங்களுக்கே திகட்டும்.

வெயிலில் நிற்கும்போது தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு கோப்பை பச்சைத் தண்ணீர் குடியுங்கள். கலர்த் தண்ணீர் இதற்கு ஈடாகாது.

மருந்தடிக்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. பாராகுவாட் 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்காக மற்ற மருந்தெல்லாம் பன்னீர் ஆகிவிடாது! குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊற வைக்காதீர்கள். மருந்து டின்னில் தண்ணீர் பிடிக்கவே கூடாது.

சம்பளம் வாங்கும் மாதங்களில், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இனிப்பு நீரையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான்.

"கிளினிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சே" என்பீர்கள். டாக்டர் எம்.சி. கொடுத்தால் போகாது! வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருடத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. டாக்டர் கொடுத்த எம்.சி.யை 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். அதில் அலட்சியம் வேண்டாம். கையுறை, முகமூடி போன்ற பாதுகாப்புச் சாமான்களுக்கு உங்களிடம் காசு பிடிக்கவும் 1994ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. பிடித்தால் தலைவரிடம் சொல்லுங்கள்.

மருந்தடித்துவிட்டு வருகிறவர்கள் குளிக்க இடமில்லாத தோட்டங்கள் இருந்தால், அடுத்த கிளைக் கூட்டத்தில் முதல் விஷயமாக அதை வையுங்கள். பழக்கம் நம் கையில். வசதி செய்து தருவது நிர்வாகத்தின் கடமை. இரண்டையும் நாம் விடக்கூடாது.

சுவர் இருந்தால்தான் சித்திரம். இன்று சாயங்காலம் சப்பாத்தைக் கழற்றும்போதே ஆரம்பியுங்கள்!