ஓடும் இளைஞரும் முழங்கால் நோவும்

படையில் சேர விரும்பும் இளைஞர்கள் நம் நாட்டில் எண்ணற்றோர். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை மக்கள் 'இராணுவப்பேட்டை' என்றே அழைக்கின்றனர். அவ்வளவு பேரைப் படைக்கு அனுப்பிய ஊர் அது. இத்தகைய ஊர்களில் மட்டுமன்றி, எந்த ஊர்ப் பள்ளி மைதானத்திலும், எந்த ஏரிக்கரைச் சாலையிலும், வைகறையில் ஓடிப் பழகும் இளைஞர்களை இன்று காணலாம். உடற்பயிற்சி ஆசிரியனாக இவர்களிடையே நான் நெடுநாள் பழகியவன். "எவ்வளவு விரைவாக ஓடவேண்டும்?" என்று என்னிடம் கேட்போர் சிலரே. "ஐயா, முழங்கால் வலிக்கிறது; ஓடலாமா, நிறுத்திவிடலாமா?" என்று கேட்போரே பலர். இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆயினும் முழங்கால் எவ்வாறு அமைந்துள்ளது, அது ஏன் நோகிறது என்பதை அறிந்துகொண்டால், விடையின் பெரும்பகுதியை நீங்களே கண்டுகொள்ளலாம்.

முதலில், தேர்வு உங்கள் கால்களிடம் எதனைக் கேட்கிறது என்று பார்ப்போம். 2022-ஆம் ஆண்டு அக்னிபத் திட்டம் தொடங்கியபோது வெளியான அறிவிப்பின்படி, தரைப்படையில் சேர வரும் இளைஞர் 1.6 கிலோமீட்டர் தொலைவை ஓடவேண்டும். 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண்; அதற்குமேல் 15 வினாடிக்குள் முடித்தால் 48 மதிப்பெண். இதன்பின் கம்பியைப் பற்றி உடலை மேலே இழுக்கும் பயிற்சி, 9 அடிப் பள்ளம் தாண்டுதல் முதலியன உண்டு. நேர வரம்புகள் பிற்பட்ட அறிவிப்புகளில் மாறியிருக்கின்றன. ஆதலின் நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பையே அளவாகக் கொள்க.

5 நிமிடம் 30 வினாடி என்பது, 400 மீட்டர் தடத்தில் சுற்று ஒன்றுக்கு 82 வினாடிக்குச் சற்று மேல். அவ்வாறு ஓடுபவன் ஏறத்தாழ ஆயிரம் அடிகள் எடுத்து வைக்கிறான். ஒவ்வோர் அடியிலும் அவன் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை தரையிலிருந்து அவன் காலைத் தாக்குகிறது. 60 கிலோ எடையுள்ள இளைஞனுக்கு, ஒவ்வொரு காலும் ஐந்நூறு முறை 120 கிலோவுக்கும் மேற்பட்ட சுமையைத் தாங்குகிறது என்று பொருள். இவ்வளவையும் தாங்கும் மூட்டு வியத்தற்கு உரியது அன்றோ?

முழங்காலைக் கதவின் கீல் போன்றது என்பர். அது முழுவதும் பொருந்தாது. மேலே தொடையெலும்பு, கீழே கணைக்கால் எலும்பு. இரண்டும் சேருமிடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இடையே பிறை வடிவில் இரண்டு குருத்துத் தட்டுகள் மெத்தைபோல் அமைந்துள்ளன. முன்புறத்தில் சிறியதோர் எலும்புச் சில்லு இருக்கிறது. தொடையின் முன்தசை சுருங்கும்போது, அதன் நாண் இச்சில்லைப் பற்றியிழுத்துக் கீழ்க்காலை நீட்டுகிறது. கிணற்றில் நீர் இறைக்கும்போது கப்பி செய்யும் வேலையையே இச்சில்லு செய்கிறது. கப்பி நேராக இருந்தால் கயிறு ஓசையின்றி ஓடும். சற்றே சாய்ந்தால் கயிறு ஒருபுறம் உராய்ந்து நைந்துபோகும். ஓடுவோரிடம் மிகுதியாகக் காணப்படும் முன்முழங்கால் நோவு, பெரும்பாலும் இச்சில்லும் தொடையெலும்பும் சேருமிடத்தில் தாங்கும் ஆற்றலுக்கு மேற்பட்ட அழுத்தம் ஏறுவதனால் வருவது.

"அப்படியானால் ஓடுவதே முழங்காலைத் தேய்த்துவிடுமோ?" என்று நீங்கள் அஞ்சலாம். அவ்வச்சம் வேண்டுவதில்லை. அளவோடு ஓடுவோருக்கு மூட்டுத் தேய்மானம் ஓடாதவரைவிட மிகுதியாக வருவதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. குருத்தெலும்புக்கு நேரே குருதிக் குழாய் கிடையாது. மூட்டு அழுந்தியும் தளர்ந்தும் இயங்கும்போது மூட்டு நீரிலிருந்தே அது உணவு பெறுகிறது. ஆகவே இயக்கம் மூட்டுக்குப் பகையன்று. திடீர் மிகையே பகை.

இவ்விடத்தில் இளைஞர்கள் நன்கு உணரவேண்டிய உண்மை ஒன்று உண்டு. நம் உடலின் உறுப்புகள் யாவும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. ஓடத் தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறைகிறது. தசைகள் சில வாரங்களில் வலுப்பெறுகின்றன. நாண்களும் எலும்பும் பழகுவதற்கோ மாதங்கள் ஆகின்றன. மூச்சு தயாராகிவிட்டது; எலும்பு தயாராகவில்லை. இளைஞன் தன் மூச்சை நம்பித் தொலைவையும் வேகத்தையும் கூட்டிவிடுகிறான்; விலையை முழங்கால் கொடுக்கிறது.

எலும்பின் நிலை இன்னும் நுட்பமானது. பழைய சுவரைப் புதுப்பிக்கும் கொத்தன், உளுத்த கல்லை முதலில் பெயர்த்தெடுத்துவிட்டுப் பிறகே புதுக்கல் வைப்பான். எலும்பும் அவ்வாறே. புதிய சுமை ஏறும்போது பழைய திசுவை முதலில் கரைத்து, அதன் பின்னரே புதிய திசுவைக் கட்டுகிறது. கரைப்பு முடிந்து கட்டுமானம் நிறைவுறாத அந்த இடைக்காலத்தில் எலும்பு சற்று வலுக்குறைந்து நிற்கும். அவ்வேளையில் ஓய்வின்றி மேலும் மேலும் சுமை ஏற்றினால் மயிரிழைபோன்ற விரிசல் தோன்றும்.

இதனை உலகம் கற்றுக்கொண்டது படைவீரர்களிடமிருந்தே. 1855-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டுப் படை மருத்துவர் பிரைத்தாவுப்ட் என்பவர், நெடுந்தொலைவு அணிநடை சென்ற வீரர்களின் பாதங்கள் வீங்கி நோவதை விவரித்து எழுதினார். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. 1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். ஈராண்டுகள் கழித்து, 1897-இல், அக்கதிர்களின் துணையால் அந்த வீங்கிய பாதங்களினுள் எலும்பு முறிந்திருப்பது தெரியவந்தது. அவ்வீரர்கள் விழவில்லை, அடிபடவுமில்லை, நடந்தார்கள், அவ்வளவே. சிறு சுமையும் ஓய்வின்றித் திரும்பத் திரும்ப விழுந்தால் எலும்பையும் உடைக்கும் என்பது அன்று புலனாயிற்று.

நம் இளைஞர்களின் நிலையை இத்துடன் பொருத்திப் பாருங்கள். 2023 முதல் தரைப்படைச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வு முதலிலும் ஓட்டம் பின்னரும் நடைபெறுகின்றன. எழுத்துத் தேர்வின் முடிவு வரும்வரை நூலும் கையுமாக அமர்ந்திருந்துவிட்டு, முடிவு வந்த மறுநாளே காலையில் 5 கிலோமீட்டர், மாலையில் 5 கிலோமீட்டர் என ஓடத் தொடங்குவோர் உண்டு. போதாக்குறைக்குத் தவளைத் தாவல், வாத்து நடை, தார்ச்சாலையில் வேக ஓட்டம். மூன்றாவது வாரத்தில் முழங்கால் முறையிடுகிறது. இதில் வியப்பென்ன இருக்கிறது?

நோவு எங்கே இருக்கிறது என்பதை விரலால் தொட்டுக் காட்டப் பழகுங்கள். மருத்துவருக்கு அது பாதி வேலையைக் குறைக்கும். சில்லைச் சுற்றியோ அதன் பின்னாலோ நோவு இருந்து, படியிறங்கும்போதும் நெடுநேரம் மடக்கி அமர்ந்து எழும்போதும் மிகுந்தால், அது நான் முன்னே கூறிய முன்முழங்கால் நோவாக இருக்கலாம். சில்லுக்குக் கீழே கணைக்கால் எலும்பின் மேட்டில் வீங்கி வலித்தால், அது வளரும் பருவத்தாரிடம் காணப்படும் ஒரு நிலை. 1903-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஆஸ்குடும் சுவிஸ் நாட்டினரான ஷ்லாட்டரும் தனித்தனியே இதனை விவரித்ததால் இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. வளர்ச்சி முடிந்ததும் இது பெரும்பாலும் தானே அடங்கும். முழங்காலின் வெளிப்பக்கத்தில், ஓடத் தொடங்கிச் சிறிது தொலைவு சென்றபின் நோவு எழுந்தால், இடுப்பிலிருந்து வெளித்தொடை வழியாக இறங்கும் பட்டையான திசு காரணமாக இருக்கலாம்.

இவற்றினும் வேறானவை சில, அவற்றில் காலந்தாழ்த்தலாகாது. கால் திரும்பிச் சில மணி நேரத்தில் மூட்டு வீங்குதல், நடுவில் பூட்டியதுபோல் மடக்க நீட்ட இயலாமல் நின்றுவிடுதல், நடக்கும்போது மூட்டு நழுவி விழச் செய்தல், காய்ச்சலோடு மூட்டு சிவந்து கனலுதல், எலும்பின்மேல் ஒரே புள்ளியில் அழுத்தினால் உயிர்போக வலித்தல், ஓய்விலும் இரவிலும் வலி நீடித்தல் ஆகிய இவற்றுள் ஒன்று இருப்பினும் ஓட்டத்தை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரைக் காணவேண்டும். மயிரிழை விரிசல் முதற் சில வாரங்களில் எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரியாமலும் போகலாம். "படத்தில் ஒன்றுமில்லை" என்பதை ஓடுவதற்கு இசைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இத்தகைய அறிகுறிகள் இல்லாத சாதாரண நோவுக்கு என்ன செய்வது? முழு ஓய்வும் வேண்டுவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவதும் கூடாது. நான் மாணவர்க்குச் சொல்லும் அளவுகோல் இது: நோவே இன்மையைச் சுழி என்றும், தாங்கவொண்ணாத நோவைப் பத்து என்றும் கொள்ளுங்கள். பயிற்சியின்போது நோவு மூன்றைத் தாண்டாமலும், மறுநாள் காலையில் பழைய அளவுக்குத் திரும்பியும் இருந்தால், அப்பயிற்சி உங்கள் மூட்டுக்கு ஏற்றதே. தாண்டினாலோ, மறுநாளும் நீடித்தாலோ, தொலைவையும் வேகத்தையும் குறைக்கவேண்டும். அந்நாள்களில் மிதிவண்டியும் நீச்சலும் மூச்சுத் திறனைக் காத்துத் தரும். அரை மணி நேரம் விரைந்து நடந்தும் நோவு எழாத நிலை வந்தபின், ஒரு நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையுமாக ஒருநாள் விட்டு ஒருநாள் மீண்டும் தொடங்கலாம்.

ஓய்வு நோவைத் தணிக்கும், வலிமையைத் தராது. வலிமையைத் தருவது தசைப் பயிற்சி. முழங்கால் உள்நோக்கிச் சாய்வதைத் தடுப்பவை இடுப்பின் பக்கத் தசைகள். சுமையை ஏற்பவை தொடைத் தசைகள். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் இருப்பதுபோல் அரை நிமிடம் நிற்றல், அரைப் பஸ்கி, ஒரு படி ஏறி மெல்ல இறங்குதல், பக்கவாட்டில் படுத்து மேற்காலை உயர்த்துதல், குதிகாலை உயர்த்தி இறக்குதல் ஆகிய ஐந்தும் போதும். இவற்றுக்குக் கருவி வேண்டா, காசும் வேண்டா. வாரத்தில் மூன்று நாள், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் விடாது செய்தால் பயன் தெரியும். நோவு தீரும்வரை தவளைத் தாவலையும் வாத்து நடையையும் விட்டுவிடுங்கள். மிக மடங்கிய முழங்காலில்தான் சில்லின்மேல் அழுத்தம் மிகுகிறது.

ஓடும் முறையிலும் ஒரு திருத்தம் உண்டு. காலை எட்டிப் போட்டு உடலுக்கு வெகு முன்னே குதிகாலை ஊன்றுவோருக்கு முழங்காலில் அதிர்ச்சி மிகுதி. வேகத்தை மாற்றாமல், அடியைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்துக்கு விழும் அடிகளை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை கூட்டினால் மூட்டின் சுமை குறைகிறது. தேய்ந்த காலணியை மாற்றுங்கள். சாய்வான சாலையோரத்தில் நாள்தோறும் ஒரே பக்கமாக ஓடாதீர்கள். மண் தடம் கிடைத்தால் அதுவே நன்று.

உணவையும் மறத்தலாகாது. எடை குறையவேண்டும் என்று பட்டினி கிடந்து ஓடுவோரின் எலும்பு எளிதில் விரிசல் காண்கிறது. கேழ்வரகு, பால், கீரை, மீன், பருப்பு ஆகியவற்றோடு போதிய உறக்கமும் வேண்டும். படைத் தேர்வுக்குப் பயிலும் மாணவியர்க்கு மாதவிடாய் தவறினால், உடல் போதிய உணவின்றித் தவிக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறியாகலாம். மருத்துவரிடம் தயங்காமல் கூறவேண்டும்.

இனி, ஒரு கடுமையான எச்சரிக்கை. தேர்வு நாளன்று வலி தெரியாதிருக்க மாத்திரை விழுங்கியும் ஊசி போட்டும் ஓடுவோரைப்பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். வலி என்பது காவற்காரன்; காவற்காரனை மயக்கிவிட்டால் கள்வன் போய்விடமாட்டான். நீர் வற்றிய உடலில் வலி மாத்திரை சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யக்கூடும். நாணில் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசி நாணையே நலிவுறச் செய்யக்கூடும். அன்றியும், ஓட்டத்தில் வென்றபின் மருத்துவச் சோதனை இருக்கிறது. அதன்பின் பல மாதப் பயிற்சி இருக்கிறது. நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையம் போன்ற இடங்களில், ஐந்தரை நிமிட ஓட்டம் அன்றாடப் பயிற்சியின் ஒரு சிறு துளியே. ஒரு நாளை ஏமாற்றலாம். அத்தனை மாதங்களை ஏமாற்ற முடியாது.

எனக்குத் தெரிந்த வயதுவரம்பு நெருங்கிய மாணவன் ஒருவன், "இந்த ஆண்டு விட்டால் வாய்ப்பு இல்லை ஐயா" என்றான். அவன் துயரம் பொய்யன்று. வயதுவரம்பு எவருக்காகவும் காத்திருப்பதில்லை. அதனாலேயே சொல்கிறேன்: தேர்வு முடிவுக்காகக் காத்திராமல், விண்ணப்பிக்கும் நாளிலேயே பயிற்சியைத் தொடங்குங்கள். முதல் நான்கு வாரம் நடையும் ஓட்டமும் கலந்து. அடுத்த நான்கு வாரம் வாரத்தில் மூன்று நாள் மெல்லோட்டம், 3 அல்லது 4 கிலோமீட்டர். கடைசி நான்கு வாரத்தில் மட்டும், வாரத்தில் ஒரு நாள் 400 மீட்டர் வேக ஓட்டம் நான்கு, இடையிடையே ஓய்வுடன். பன்னிரண்டு வாரம் என்பது நீண்ட காலமாகத் தோன்றலாம். எலும்பு கேட்கும் காலம் அதுவே. அதற்குக் குறைந்து அது எவருக்கும் இசைவதில்லை.

நாட்டைக் காக்கச் செல்பவன் முதலில் தன் உடலைக் காக்கக் கற்கவேண்டும். தேர்வில் வென்றாலும், வேறு பணிக்குச் சென்றாலும், இந்த இரு முழங்கால்களே இன்னும் ஐம்பது ஆண்டு உங்களைச் சுமக்கப்போகின்றன. அவை சொல்வதைச் செவிசாய்த்துக் கேளுங்கள், பொறுமையோடு பழக்குங்கள், பிறகு விரைந்து ஓடுங்கள்.