நான்காம் ஆண்டில் காய்த்த நாவல்

ஆனி மாதம் பிறந்ததும் எங்கள் சிறுநீரகப் புறநோயாளர் பிரிவுக்கு ஒரு கேள்வி தவறாமல் வந்து சேரும். கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையோரம் கூறு கட்டி விற்கும் நாவற்பழத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள், "சாப்பிடலாமா டாக்டர்?" என்று கேட்பார்கள். கேட்காமலே சாப்பிட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. நாக்கை நீட்டச் சொன்னால் ஊதா நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. பழம் வேறு, கொட்டைப் பொடி வேறு, மரம் வேறு. மூன்றையும் எனக்குத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வரும் ஒரு பெரியவர். அவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஷிஃப்ட் வேலை பார்த்தவர். அவருடைய ஒப்புதல் பெற்று, பெயரைத் தவிர்த்து, இங்கே எழுதுகிறேன்.

அவருக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் இரவு ஷிஃப்டில் வியர்த்துக் கொட்டுவதும் கை நடுங்குவதுமாகச் சர்க்கரை தாழத் தொடங்கியது. தாமாகவே ஊசியின் அளவைக் குறைத்தார். சில மாதங்களில் ஊசியே இல்லாமலும் சர்க்கரை கட்டுக்குள் நின்றது. அப்போது அவர் நாவற்கொட்டைப் பொடியைத் தினமும் மோரில் கலந்து குடித்துக்கொண்டிருந்தார். "பொடி வேலை செஞ்சிடுச்சு, சர்க்கரை ஓடியே போச்சு" என்று உடன் வேலை செய்தவர்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நோயே போய்விட்டது என்ற நம்பிக்கையில் மருத்துவமனைக்கு வருவதையும் இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டார். பதினான்கு மாதங்கள் கழித்துக் கால் வீங்கி, மூச்சு வாங்க வந்தபோது கிரியாட்டினின் 9ஐத் தாண்டியிருந்தது.

நடந்தது இதுதான். உடலில் சேரும் இன்சுலினைச் சிதைத்து அகற்றும் பணியில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பட்டினி நேரத்தில் இரத்தத்துக்குச் சர்க்கரையை உற்பத்தி செய்து தருவதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. சிறுநீரகம் செயலிழக்கும்போது, போட்ட இன்சுலின் நெடுநேரம் உடலில் தங்கும். சர்க்கரை தானாக இறங்கும். பல ஆண்டுகள் இன்சுலின் போட்டவருக்குத் திடீரென அதன் தேவை குறைந்தால் அது மகிழ்ச்சிச் செய்தி அன்று; உடனே கிரியாட்டினினும் சிறுநீர்ப் புரதமும் பார்க்க வேண்டிய அறிகுறி. எங்கள் பெரியவருக்குக் கிடைத்த அந்த எச்சரிக்கையின் புகழைப் பொடி தட்டிக்கொண்டு போய்விட்டது. அந்தப் பொடிதான் அவருடைய சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அவரைக் கெடுத்தது வராமல் போன பதினான்கு மாதங்கள்.

நாவலுக்குச் சர்க்கரை நோய் மருந்து என்ற பெயர் நேற்று வந்ததன்று. நம் சித்த, ஆயுர்வேத மரபுகளில் அதற்கு இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மருத்துவர்களும் நாவற்கொட்டையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1921இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் வரை அவர்களிடம் வேறு நல்ல மருந்து இல்லை. விலங்குகளிடம் நடந்த பல ஆய்வுகளில் கொட்டைச் சாறு சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. மனிதரிடம் முறையாகச் சோதித்த ஆய்வுகள் சிலவே. பிரேசிலில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை நோயாளர்களுக்கு நாவல் இலைத் தேநீரும் கிளிபென்கிளமைடு மாத்திரையும் ஒப்பிட்டுக் கொடுக்கப்பட்டன. மாத்திரை சர்க்கரையைக் குறைத்தது, தேநீர் குறைக்கவில்லை. அது இலை, கொட்டை அன்று என்று நீங்கள் வாதிடலாம், நியாயமான வாதமே. ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவருக்குக் கொட்டைப் பொடி எவ்வளவு பாதுகாப்பானது என்பதற்கு உறுதியான சான்று இல்லாதபோது, நான் அதைப் பரிந்துரைக்க முடியாது. பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 'மூலிகை' என்று விற்றவற்றில் ஆங்கில மருத்துவச் சர்க்கரை மாத்திரைகளைப் பொடித்துக் கலந்திருந்தது உலகின் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. சிறுநீரகம் இயங்காத உடலில் கிளிபென்கிளமைடு தங்கினால் இரண்டு மூன்று நாள் சர்க்கரை தாழ்ந்துகொண்டே இருக்கும்.

இனி, பழம். இதில் எனக்குத் தயக்கம் குறைவு. 100 கிராம் நாவற்பழத்தில் பொட்டாசியம் ஏறத்தாழ 80 மில்லிகிராம்தான். அதே அளவு வாழைப்பழத்தில் 350க்கு மேல், கொய்யாவில் 400க்கு மேல். மாவுச்சத்து ஏறத்தாழ 15 கிராம். ஆகவே டயாலிசிஸில் உள்ளவர்களுக்கும், பொட்டாசியம் கட்டுப்பாட்டில் இருந்தால், எட்டு அல்லது பத்துப் பழம் என்ற அளவில் பெரும்பாலும் இடம் தர முடிகிறது. உங்கள் சொந்த அளவை அடுத்த வருகையில் கேட்டுக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் தூவித் தரும் உப்பும் மிளகாய்த்தூளும்தான் தொல்லை. உப்பு தாகத்தைக் கூட்டும். தாகம் தண்ணீரைக் கூட்டும். அந்த எடையை அடுத்த டயாலிசிஸில் நாங்கள் இறக்க வேண்டும்.

முன்பெல்லாம் டயாலிசிஸ் தொடங்கும் எவரிடமும் நான் "பழமே வேண்டாம்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவேன். எனக்கு அது எளிது. எங்கள் பெரியவரிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. சில வாரம் கழித்து, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "ஒட்டு நாவல் கன்று வச்சா எத்தனை வருஷத்துல காய்க்கும் டாக்டர்?"

அவர் எதைக் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. தோட்டக்கலை படித்த நண்பரிடம் விசாரித்து, மறு டயாலிசிஸ் அன்று நான்கு, ஐந்து ஆண்டுகள் என்று சொன்னேன். "அப்ப வைக்கலாம்" என்றார்.

இங்கே சிறு விலகல். கடைகளில் சிவந்து பளபளக்கும் பிளம் பழத்தைப் பார்த்து அந்தக் கன்றை வாங்க நினைப்பவர்கள் பணத்தை வீணாக்க வேண்டாம். அது கொடைக்கானலிலும் நீலகிரியிலும் விளையும் மரம். குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் கடுங்குளிரில் உறங்கினால்தான் பூக்கும். திருவள்ளூரின் மார்கழிப் பனி அதற்குப் போதாது. ஆங்கிலத்தில் 'ஜாவா பிளம்' என்று அழைக்கப்படும் நாவலோ நம் மண்ணின் மரம். திருவானைக்காவில் வெண்ணாவலே தலமரம்.

விதையிலிருந்து வரும் நாவல் காய்க்க எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று அதில் பாதியில் காய்க்கும். குஜராத்தின் கோத்ராவில் உள்ள மத்திய தோட்டக்கலை ஆய்வு நிலையம் உருவாக்கிய 'கோமா பிரியங்கா', மகாராஷ்டிரத்தின் தாபோலி வேளாண் பல்கலைக்கழகத்தின் 'கொங்கண் பகடோலி' ஆகியவை தேர்ந்த ரகங்கள். நர்சரியில் 'ராம் நாவல்', 'ஜம்பு நாவல்' என்று எந்தப் பெயரைச் சொன்னாலும், தண்டில் ஒட்டு கட்டிய தழும்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்கள் பெரியவர் 2021 புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக நட்டார். நீள அகல ஆழம் மும்மூன்றடிக் குழி. மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம். குழியை அவர் தோண்டவில்லை, மகன் தோண்டினார். இடக்கையில் ஃபிஸ்டுலா உள்ளவர்கள் அந்தக் கையால் கடப்பாரை பிடிக்கவோ தண்ணீர்க் குடம் தூக்கவோ கூடாது. ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். காற்றில் ஆடாமல் குச்சி நட்டுக் கட்ட வேண்டும். நம் பக்கத்துக் களிமண்ணையும் ஓரளவு உப்புத் தன்மையையும், வளர்ந்தபின் மழைக்காலத்தில் தேங்கும் நீரையும் நாவல் தாங்கும். ஆகவே பழவேற்காட்டுப் பக்கம் இருப்பவர்களும் முயன்று பார்க்கலாம். ஆனால் ஆலைச் சாம்பல், கசடு, கட்டட இடிபாடு கொண்டு மேடாக்கிய மனையாக இருந்தால், உண்ணும் பழத்துக்கான மரம் அங்கே வேண்டாம். சந்தேகம் இருந்தால் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேளுங்கள்.

இரண்டாம் ஆண்டில் அந்த மரம் கையை விட்டுப் போகப் பார்த்தது. ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து இரண்டு துளிர்கள் செழித்து எழுந்தன. மரம் நன்றாக வளர்கிறது என்று வீட்டார் மகிழ்ந்திருக்கிறார்கள். அவற்றை விட்டுவைத்தால் வேர்ச்செடி மேலோங்கி ஒட்டுக்கிளை காய்ந்துபோகும். பிறகு நின்று வளர்வது வெறும் நாட்டு நாவல்தான். கைப்பேசியில் அவர் காட்டிய படத்தை நண்பருக்கு அனுப்பி, அன்று மாலையே அத்துளிர்களைக் கிள்ளச் செய்தோம். அவருடைய பாஸ்பரஸ் அளவை விட அந்தத் துளிர்களைப் பற்றித்தான் அந்த மாதம் அதிகம் பேசினோம் என்று நினைக்கிறேன்.

மாசி, பங்குனியில் பூக்கும் காலத்தில் தண்ணீரைக் குறைக்க வேண்டும். மரத்தை உயரப் போகவிடாமல், அறுவடைக்குப்பின் நுனிகளைக் கவாத்து செய்து எட்டும் உயரத்திலேயே வைத்திருக்க வேண்டும். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. முருங்கையைப் போலவே நாவற்கிளையும் சட்டென முறியும். நாட்பட்ட சிறுநீரக நோயில் எலும்பு வலுவிழந்திருக்கும். டயாலிசிஸின்போது இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் கொடுக்கிறோம். அத்தகைய உடலோடு மரம் ஏறக் கூடாது. நாவல் பறித்தபின் பழுக்காது என்பதால் நன்கு கறுத்த பழத்தையே எடுக்க வேண்டும். அடியில் துணியோ வலையோ விரித்து உலுக்கினால் போதும். வௌவால் கடித்த பழத்தைக் கழுவியும் உண்ண வேண்டாம். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் மண் வேலைக்குக் கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள்.

மரம் தேர்ந்தெடுப்பதில் இன்னும் ஒரு சொல். மாடித் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கும் நட்சத்திரப் பழம் சிறுநீரக நோயாளிக்கு நஞ்சு. அதிலுள்ள 'காரம்பாக்சின்' என்ற பொருளைப் பிரேசில் அறிஞர்கள் 2013இல் இனங்கண்டார்கள். பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாததால் விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையும் பறிக்கலாம். அதன் உறவான பிலிம்பிச் சாற்றைக் கொழுப்புக் குறைய என்று குடித்துச் சிறுநீரகம் பழுதான பத்துப் பேரைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் இவை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

2025 ஆனியில் எங்கள் பெரியவரின் மனைவி எவர்சில்வர் டப்பா ஒன்றை டயாலிசிஸ் பிரிவுக்குக் கொண்டுவந்தார். முதல் காய்ப்பு, மொத்தம் பதினொரு பழங்கள். "அவருக்கு எத்தனை கொடுக்கலாம்னு சொல்லுங்க டாக்டர், மிச்சம் உங்க எல்லாருக்கும்" என்றார் அந்த அம்மா. அன்றைய பொட்டாசியம் 4.9. ஐந்து கொடுக்கச் சொன்னேன். செவிலியர்களுக்கு ஆளுக்கு ஒன்றாக நான்கு, எனக்கு ஒன்று. மிஞ்சிய ஒன்றைப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு, அவருடைய அறிக்கையைப் பார்த்தபின் கொடுத்தோம்.

கொட்டைகளை அந்த அம்மா எண்ணி டப்பாவில் வாங்கிக்கொண்டார். நான் பார்த்த பார்வையில், "பொடிக்கு இல்ல டாக்டர்" என்று சிரித்தார். நாவல் விதை சில நாட்களிலேயே முளைப்புத்திறனை இழக்கும். இரண்டு வாரத்துக்குள் ஊன்றிவிட வேண்டும். பால் பாக்கெட்டுகளில் மண் நிரப்பி அவருடைய பேத்தி ஊன்றியதில் ஏழு முளைத்திருக்கின்றன. அடுத்த புரட்டாசிக்குள் அவற்றுக்கு இடம் வேண்டும்.