உருக்கியும் உடைத்தும் எறிந்த தட்டுகளில் மீண்டு வந்த ப்ளூஸ் குரல்கள் – தெரியுமா?

நூறு வருடத்துக்கு முந்தைய, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டுகள் எதில் பதிந்து வெளிவந்தன தெரியுமா? நம் நாட்டு அரக்கில்! சோட்டா நாக்பூர் காடுகளில் புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் ஒட்டிக்கொண்டு வாழும் பொடிப் பூச்சிகள் சுரக்கும் அதே அரக்கு. கப்பலேறிப் போன அரக்கோடு கல்தூளும் கரித்தூளும் சேர்த்து அழுத்தித்தான், நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அந்தக் கறுப்புத் தட்டுகளைச் செய்தார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடப் பாட்டு. கைதவறி விழுந்தால் சில்லு சில்லாகிவிடும்.

1942-இல் உலகப் போரால் அரக்கு வரத்து தடுமாறியதும், இசைத்தட்டுக்கு அரக்கு செலவழிப்பதை அமெரிக்க அரசு 70 சதவீதம் வெட்டியது. கம்பெனிகள் பழைய தட்டுகளை விலைக்கு வாங்கி அரைத்து, புதுத் தட்டு செய்தன. ஒரு கலையின் முதல் பதிவுகள் பழைய சாமானாக எடைக்குப் போயின. இன்று நாம் கேட்கும் ஒவ்வொரு பழைய ப்ளூஸ் பாட்டும் அந்த அழிவிலிருந்து தப்பி வந்தது என்பதை நினைக்கும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது ஒரு பெண் குரல். 1920 ஆகஸ்ட் 10 அன்று நியூயார்க்கில் ஓகே கம்பெனிக்காக மேமி ஸ்மித் ‘கிரேஸி ப்ளூஸ்’ பாடினார். கறுப்பினப் பெண் ஒருவர் பாடிய ப்ளூஸ் தட்டில் வந்தது அதுவே முதல்முறை. தட்டு விற்ற வேகத்தைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் ஓடி வந்தன. கறுப்பின மக்களுக்கென்றே ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று தனி வரிசை போட்டு விற்றன.

அப்படி ஓடி வந்த ஒரு கம்பெனியின் கதை வேறெங்கும் நடக்காது! பாரமவுண்ட் ரெக்கார்ட்ஸை நடத்தியது யார் தெரியுமா? நாற்காலி செய்யும் கம்பெனி! விஸ்கான்சின் மாநிலத்து விஸ்கான்சின் சேர் கம்பெனி கிராமபோனுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்தது. பெட்டி விற்க வேண்டுமானால் அதில் போட்டுக் கேட்கத் தட்டும் வேண்டுமே! அதனால் தட்டுத் தொழிலில் இறங்கினார்கள். கிராஃப்டன் என்ற சிற்றூரில் தொழிற்சாலை. மட்டமான கலவை, மலிவான வேலை. தட்டு புதிதாக இருக்கும்போதே கரகரக்கும். ஆனால் அந்தக் கரகரப்புக்குள் யார் யார் இருக்கிறார்கள் பாருங்கள்: பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், சார்லி பாட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ்! இவர்களில் கடைசி மூவரும் மிசிசிப்பியிலிருந்து வடக்கே விஸ்கான்சினுக்கு வந்தே பாடிவிட்டுப் போனார்கள்.

பொருளாதாரப் பெருமந்தத்தில் வியாபாரம் படுத்தது. 1930-களின் நடுவில் கம்பெனி கடையைக் கட்டியபோது, தட்டு வார்க்கும் உலோக அச்சுகளைப் பழைய இரும்போடு இரும்பாக விற்றுவிட்டார்கள். வேலை போன தொழிலாளிகள் கோபத்தில் தட்டுகளை மில்வாக்கி ஆற்றில் வீசினார்கள் என்று ஒரு பேச்சு ஊரில் நெடுநாள் உலவியது. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக முக்குளிப்பவர்களை இறக்கி ஆற்றடியைத் துழாவியே பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

அச்சு இல்லை என்றால் என்ன அர்த்தம்? யாரோ காசு கொடுத்து வாங்கி, வீட்டில் போட்டுத் தேய்த்து, பரணில் தூக்கி வைத்த தட்டுதான் மிச்சம். அதுதான் மூலம், அதுதான் நகல். சன் ஹவுஸ் 1930-இல் பாடிய ‘கிளார்க்ஸ்டேல் மோன்’ பல பத்தாண்டுகள் பட்டியலில் வெறும் பெயராக இருந்து, இந்த நூற்றாண்டில்தான் தட்டாகக் கிடைத்தது! அதே பயணத்தில் உடன் வந்த வில்லி பிரவுனின் ஒரு தட்டு, பாரமவுண்ட் 13099, இன்றுவரை தேடப்படுகிறது. டாமி ஜான்சனின் ஒரு பாரமவுண்ட் தட்டு 2013-இல் ஏலத்தில் 37,000 டாலருக்கு மேல் போனது. கிராமத்துக் கடையில் சில்லறைக்கு விற்ற தட்டு அது!

தட்டு போகட்டும், பாடியவர்கள் என்ன ஆனார்கள்? எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-இல் ஓகே கம்பெனிக்குச் சில பாட்டுகள் பாடினார். அதிராத குரல், விரல்களால் முத்துக் கோத்தது போன்ற கிடார். தட்டு பெரிதாக விற்கவில்லை. ஊர் திரும்பி விவசாய வேலை பார்க்கப் போய்விட்டார். அவர் பாடியவற்றில் ஒன்று ‘அவலான் ப்ளூஸ்’. நியூயார்க்கில் பாடும்போது சொந்த ஊர் நினைப்பு வந்து, ஊர்ப் பெயரைப் பாட்டிலேயே வைத்துவிட்டார். முப்பத்தைந்து வருடம் கழித்து, அந்தப் பாட்டின் நகலை டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் கேட்டார். அவலான் எங்கே? புது வரைபடங்களில் தேடினால் இல்லை. பழைய நிலப்படம் ஒன்றில் அகப்பட்டது! 1963-இல் காரை எடுத்துக்கொண்டு போய், அங்கிருந்த கடையில் விசாரித்தார். ஜான் ஹர்ட்டா? அதோ, அந்தப் பக்கம்தான் வீடு என்று காட்டினார்கள். எழுபதை எட்டிய பெரியவர் அங்கேயேதான் இருந்தார், மாடு மேய்த்துக்கொண்டு! கையில் சொந்தக் கிடார்கூட இல்லை. அந்தக் கோடையிலேயே நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் உட்கார்ந்து பாடினார். 1966-இல் இறந்தார். அந்த மூன்று வருடம் அவருக்குக் கிடைத்ததே என்று ஒரு பக்கம் மகிழ்ச்சி. நடுவில் போன முப்பத்தைந்து வருடத்தை நினைத்தால் மனம் ஆறவில்லை.

அடுத்த வருடம், 1964 ஜூனில், இரண்டு தேடல் குழுக்கள் ஒரே மாதத்தில் இருவரைக் கண்டுபிடித்தன! ஒரு குழு மிசிசிப்பியின் டுனிகா ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஸ்கிப் ஜேம்ஸைக் கண்டது. இன்னொரு குழு மிசிசிப்பியெல்லாம் அலைந்துவிட்டு, கடைசியில் வடக்கே நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டரில் சன் ஹவுஸைக் கண்டது. அவர் கிடாரைத் தொட்டே வருடக்கணக்கு ஆகியிருந்தது. தன் பழைய பாட்டுகளே கைக்கு வரவில்லை. அப்போது அவருக்குக் கற்றுக் கொடுத்தது யார் தெரியுமா? தட்டுகளைக் கேட்டுக் கேட்டே அவர் வாசிப்பைப் படித்திருந்த ஆல் வில்சன் என்ற இருபது வயது இளைஞர்! குருவின் வித்தையைச் சீடன் குருவுக்கே திருப்பிக் கொடுத்தான். அடுத்த வருடம் சன் ஹவுஸ் கொலம்பியா கம்பெனிக்குப் புது ஆல்பம் பாடினார்.

ராபர்ட் ஜான்சனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1936-37-இல் டெக்சஸில் அவர் பாடியது மொத்தம் 29 பாட்டுகள். 1938 டிசம்பரில் நியூயார்க் கார்னகி ஹாலில் பாடவைக்க இசைத் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் அவரைத் தேடினார். ஆனால் ஆகஸ்டிலேயே, 27 வயதில், இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. ஹேமண்ட் என்ன செய்தார் தெரியுமா? மேடையில் அவருடைய தட்டுகளைச் சுழலவிட்டு அரங்கத்தைக் கேட்க வைத்தார்!

போருக்குப் பின் ப்ளூஸ் நகரத்துக்கு வந்து மின்சாரக் கிடாரும் சாக்ஸஃபோனும் சேர்த்து வேகம் பிடித்தது. பில்போர்டு பத்திரிகை 1949-இல் ‘ரேஸ்’ பட்டியலை எடுத்துவிட்டு ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று பெயர் போட்டது. 1951-இல் ஐக் டர்னரின் குழு மெம்ஃபிஸ் நகருக்கு ரெக்கார்டிங்குக்குப் போன வழியில் கிடாரின் ஆம்ப்ளிஃபையர் அடிபட்டது. ஸ்டூடியோ வைத்திருந்த சாம் ஃபிலிப்ஸ் அதற்குள் காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றினார். உறுமலாக வந்த அந்த ஒலிதான் ‘ராக்கெட் 88’! ராக் இசையின் முதல் தட்டு இதுவே என்று வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. எல்விஸ் பிரெஸ்லியின் ‘ஹவுண்ட் டாக்’ தெரியாதவர் யார்? அதை நான்கு வருடம் முன்பே, 1952-இல், பிக் மாமா தார்ன்டன் பாடிவிட்டார். எழுதிய இருவருக்கும் அப்போது வயது 19! தார்ன்டன் பாடியதைக் கேட்டால், எல்விஸின் பாட்டு எனக்குப் பாதி உயிரோடுதான் தெரிகிறது.

இன்னொன்று! 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில், கேசர்பாய் கேர்க்கரின் பைரவிக்கும் பாக்கின் இசைக்கும் பக்கத்தில் பிளைண்ட் வில்லி ஜான்சனும் இருக்கிறார். அவருடைய அந்தப் பாட்டு 1927-இல் டல்லஸில் பதிவானது. சொல்லே இல்லை, கிடாரும் முனகலும்தான். 1945-இல் வறுமையில் இறந்த அந்தப் பார்வையற்ற தெருப்பாடகரின் குரல் இப்போது சூரியக் காற்று வீசும் எல்லையையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது!

இவற்றைக் கேட்க இன்று தங்கமும் வேண்டாம், ஏலமும் வேண்டாம். 1923-க்கு முந்தைய அமெரிக்க ஒலிப்பதிவுகள் எல்லாம் 2022 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. மேமி ஸ்மித்தின் ‘கிரேஸி ப்ளூஸ்’ உட்பட. போருக்கு முந்தைய ப்ளூஸ் முழுவதையும் வரிசையாக வெளியிட்டே தீருவேன் என்று வியன்னாவில் ஜானி பார்த் தொடங்கிய டாக்குமென்ட் ரெக்கார்ட்ஸின் புண்ணியத்தில் மற்றவையும் கிடைக்கின்றன. முதலில் ஹர்ட்டின் ‘அவலான் ப்ளூஸ்’ கேளுங்கள், காதுக்கு இதமாக இருக்கும். பிறகு ஸ்கிப் ஜேம்ஸின் ‘டெவில் காட் மை வுமன்’. அதை இரவில் தனியாகக் கேட்க வேண்டும். அதன் பிறகு லூயி ஜோர்டனின் ‘சூ சூ ச்சபூகி’. 1946-இல் பில்போர்டின் ‘ரேஸ்’ பட்டியலில் 18 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. உட்கார்ந்து கேட்க முடியாது, கால் தானாக எழும்!