பெயரை மட்டும் அடித்த டாஸ்

1981-இல் வந்த முதல் ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டரின் ஃபிளாப்பி ஒன்றில் 160 கிலோபைட்தான் கொள்ளும். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் அடங்காது. அதிலிருந்த கோப்பை நீக்க, அந்தக் கணினியின் இயங்குதளமான டாஸில் 'இரேஸ்' என்று அடித்துக் கோப்பின் பெயரைச் சேர்த்து என்டரைத் தட்டினால் போதும். 'நிச்சயமாகவா?' என்ற கேள்வி கிடையாது. விண்டோஸுக்கு 'ரீசைக்கிள் பின்' வந்ததே 1995-இல்தான். தவறான பெயரை அடித்துவிட்டால் வேலை போனது போனதுதான் என்று எல்லோரும் தலையில் கைவைத்தார்கள்.

உண்மையில் கோப்பு எங்கும் போகவில்லை. டாஸின் டைரக்டரியில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் இடம் உண்டு. அதில் 11 பைட் பெயருக்கும் அதன் வால்பகுதிக்கும் போகும். மீதியில் நாள், நேரம், அளவு, கோப்பு தொடங்கும் இடம் முதலியவை இருக்கும். கோப்பின் உள்ளடக்கம் துண்டு துண்டாக வேறிடத்தில் கிடக்கும். எந்தத் துண்டுக்கு அடுத்து எந்தத் துண்டு என்பதை ஃபேட் என்ற தனி அட்டவணை சொல்லும்.

இரேஸ் கட்டளை இரண்டே காரியங்கள் செய்தது. பெயரின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு 229 என்ற எண்ணை வைத்தது. அட்டவணையில் அந்தத் துண்டுகளுக்கு நேரே பூஜ்யம் போட்டது. உள்ளடக்கத்தைத் தொடவே இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்தாயிற்று, பையனோ இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

இதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. ஃபிளாப்பி மெதுவாகச் சுழலும் சாதனம். ஒவ்வொரு துண்டையும் தேடிப்போய்த் துடைத்தால் நேரம்தான் வீண். அடுத்து வரும் கோப்பு எப்படியும் அதன்மேல் எழுதிக்கொள்ளும். 229-க்கும் ஒரு பூர்வீகம் உண்டு. டாஸுக்கு முந்தைய சி.பி.எம். இயங்குதளமும் நீக்கிய கோப்புக்கு இதே எண்ணைத்தான் வைத்தது. அந்தக் காலத்து 8 அங்குல ஃபிளாப்பியை ஃபார்மட் செய்யும்போதே வட்டு நெடுக இந்த எண் நிரம்பிவிடும். ஆகவே புது வட்டின் டைரக்டரி தனி வேலை எதுவும் இல்லாமலே காலியாகத் தெரிந்தது.

இந்த இடைவெளியில் புகுந்தவர் அமெரிக்க நிரலர் பீட்டர் நார்ட்டன். 1982-இல் வெளிவந்த அவருடைய 'நார்ட்டன் யூட்டிலிட்டீஸ்' தொகுப்பில், நீக்கிய கோப்பை மீட்கும் 'அன்இரேஸ்' கருவிதான் பேர் வாங்கியது. மீட்பு நடக்கும் விதம் எளிது. 3,000 பைட் கோப்பு ஒன்று 20-ஆம் துண்டில் தொடங்கியது என்று டைரக்டரி சொல்கிறது. துண்டுக்கு 512 பைட் என்றால் ஆறு துண்டுகள் வேண்டும். 20 முதல் 25 வரை காலியாக இருந்தால் அவற்றைக் கோத்துப் பார்க்கலாம். பெயரின் முதல் எழுத்து மட்டும் கணினியிடம் இல்லை. அதைக் கோப்புக்கு உரியவர்தான் சொல்லவேண்டும்.

துண்டுகள் அடுத்தடுத்து இல்லாமல் சிதறிக் கிடந்தால் இந்த ஊகம் பலிக்காது. அதனால் சிதறியவற்றை வரிசையாக அடுக்கும் 'டிஃப்ராக்' கருவி வேகத்தைக் கூட்டியதோடு மீட்பையும் எளிதாக்கியது. ஒரு கட்டத்தில் டாஸை வெளியிட்ட மைக்ரோசாஃப்டே இத்தகைய கருவிகளைக் கடன் வாங்கியது. 1991-இல் வந்த எம்.எஸ்.-டாஸ் 5-இன் 'அன்டெலீட்', நார்ட்டனின் போட்டியாளரான சென்ட்ரல் பாயின்ட் நிறுவனத்திடமிருந்து வந்தது. 1993-இல் வந்த டாஸ் 6-இன் டிஃப்ராக், அதற்குள் நார்ட்டனின் நிறுவனத்தை வாங்கியிருந்த சைமான்டெக்கின் சரக்கு.

அழித்தது மீளும் என்றால், மீளக் கூடாததை என்ன செய்வது? அதற்கும் நார்ட்டன் கருவி வைத்திருந்தார்: உள்ளடக்கத்தின்மேல் வேறு எதையாவது எழுதி மூடுவது. மீட்கும் கருவிக்கும் துடைக்கும் கருவிக்கும் முதலீடு ஒன்றே, டாஸ் எதைத் தொடாமல் விடுகிறது என்ற அறிவு.

இன்றைய எஸ்.எஸ்.டி. வட்டுகளில் நிலைமை வேறு. கோப்பை நீக்கியதும் 'அந்த இடம் இனி வேண்டாம்' என்று இயங்குதளமே வட்டுக்குச் சொல்லிவிடும். வட்டும் அதைத் துடைத்துவிடும். அங்கே பேக்கப் ஒன்றுதான் கதி. ஆனால் கேமராவில் போடும் 32 ஜிபி வரையிலான மெமரி கார்டுகள் பெரும்பாலும் ஃபேட் முறையிலேயே ஓடுகின்றன; அழித்த படத்தின் பெயரில் அதே 229 வந்து உட்காருகிறது. கல்யாணப் படங்களைக் கைதவறி அழித்துவிட்டால் முதல் வேலை கார்டைக் கழற்றி வைப்பதுதான். அதற்குப்பின் எடுக்கும் ஒவ்வொரு படமும் பழைய படத்தின் இடத்தில் போய் விழக்கூடும்.