மூடியை ஒரு விரல் விலக்குங்கள்

கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் ‘அவன்’ எனும் மின்னடுப்பு கிடையாது, பக்கவாட்டு வளையம் கழன்று வரும் அந்த விசேஷ கேக் டின்னும் கிடையாது. விடுமுறைக்கு வந்த மகன் சீஸ்கேக் கேட்டான் என்று, யூடியூபில் பார்த்தபடி குக்கரில் மணலைப் பரப்பி, அதன்மேல் எவர்சில்வர் டப்பாவை வைத்து வேகவிட்டிருக்கிறார். அடி கருகி, ஓரம் ரப்பராகி, வெட்டினால் தண்ணீர் விட்டதாம். டின் வாங்கிவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்கிறார்.

ஆகாது. காசை மிச்சம் பிடியுங்கள். சீஸ்கேக் வேகும் விதத்துக்கும் அந்த டின்னுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெந்ததை உடையாமல் வெளியே எடுத்து, மேஜையில் வைத்துப் படம் பிடிக்க மட்டும்தான் அது. தண்ணீர்த் தட்டில் வைத்து வேகவிடும்போது வளையத்தின் இடுக்கில் தண்ணீர் புகுந்துவிடும் என்பதால், அதை வாங்கியவர்கள் வெளிப்பக்கம் முழுக்க அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒழுகும் பாத்திரத்தை அதிக விலைக்கு வாங்கி, பிறகு அதற்கு ஒட்டுப்போடும் இந்த வேடிக்கை வேறெந்தச் சமையலிலும் கிடையாது.

சீஸ்கேக்கின் சொந்தக்காரர் கோட்டைப்பட்டினத்துக்குப் புதியவரே அல்ல. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் என்று இந்தக் கடற்கரை நெடுக முஸ்லிம் வீடுகளில் விருந்துக்கும் பெருநாளுக்கும் அவிக்கும் வட்டலப்பம்தான் அது. முட்டை, தேங்காயின் முதல் பால், சீனி அல்லது கருப்பட்டி, கொஞ்சம் ஏலக்காய். இலங்கையில் கித்துள் கருப்பட்டி போடுவார்கள். தேங்காய்ப் பாலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சீஸை வையுங்கள், சீஸ்கேக் வந்துவிடும். இரண்டிலும் மாவு உப்பி எழுவதில்லை. முட்டைப் புரதம் உறைந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்த உறைதலைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பச்சை முட்டையில் புரத மூலக்கூறுகள் தனித்தனி நூல்கண்டுகளாகத் தண்ணீரில் மிதக்கின்றன. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கண்டுகள் ஒவ்வொன்றாக அவிழும். அவிழ்ந்த நூல்கள் ஒன்றோடொன்று முடிச்சிட்டுக்கொள்ளும். பக்கத்து ஜெகதாப்பட்டினத்தில் ஆட்கள் உட்கார்ந்து பின்ன வேண்டிய வலை, இங்கே யாரும் தொடாமலே பின்னப்பட்டுவிடுகிறது. இந்த வலையில் சிக்கும் மீன் தண்ணீர். சீஸ்கேக்கில் 70 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் கண்ணி சரியான அளவில் இருக்கும். தண்ணீர் உள்ளேயே நிற்கும், டப்பாவை ஆட்டினால் நடுப்பகுதி லேசாக நடுங்கும்.

வெப்பம் இன்னும் ஏறினால் முடிச்சுகள் பெருகும், கண்ணி இறுகும். அது சுருக்குமடி வலையாகிவிடும். ஆனால் கடலில் சுருக்குமடியின் கயிற்றை இழுத்தால் மீன் தப்பாது. இங்கே இழுக்க இழுக்கத் தண்ணீர் பிதுங்கி வெளியே ஓடும். (கடலில் அந்த வலைக்குத் தமிழ்நாடு அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை போட்டது. அடுப்படிக்கு அப்படி எந்த அரசாணையும் இல்லை.) சீனி சேர்த்தால் கண்டுகள் அவிழத் தாமதமாகும். கொழுப்புத் துளிகள் நூல்களுக்கு நடுவே மிதவைகளாகப் புகுந்து, முடிச்சுகள் நெருங்காமல் தள்ளி நிறுத்தும். மிதவை வலையின் மேல்விளிம்பில்தான் இருக்கும், நடுவில் எப்படி வரும் என்று மீனவர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். ஒரு கரண்டி சோள மாவு சேர்த்தால், நழுவி ஓடும் தண்ணீரை அது ஊதி உறிஞ்சிக்கொள்ளும். மற்றபடி இந்த வலையை அவிழ்த்து உலர்த்தி மறுநாள் போட முடியாது. இறுகியது இறுகியதுதான்.

ஆகவே வேலை ஒன்றே ஒன்று: நடுப்பகுதி 70ஐத் தொடும்வரை ஓரம் 85, 90 என்று எகிறாமல் பார்த்துக்கொள்வது.

மேற்கத்தியச் சமையலறையில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அவனுக்குள் ஒரு தட்டில் வெந்நீர் ஊற்றி, டின்னை அதில் இறக்குகிறார்கள். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, அதனால் ஓரம் பிழைக்கிறது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். பாதி சரி. அவன் 160 டிகிரியில் இருந்தாலும் திறந்த தட்டில் உள்ள தண்ணீர் 100ஐக்கூடத் தொடுவதில்லை. 80க்கும் 90க்கும் இடையில் நின்றுவிடும். ஒவ்வொரு கிராம் தண்ணீரும் ஆவியாகும்போது சுமார் 2,260 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. வரும் வெப்பமும் போகும் வெப்பமும் சமமாகும் புள்ளியில் தண்ணீர் கொதிக்காமலே நிற்கிறது. அதே தட்டை மூடிவையுங்கள், ஆவி போக வழியில்லாமல் கொதித்துவிடும்.

இப்போது நம் இட்லிச் சட்டிக்கு வருவோம். ஆவியில் வேகவைப்பது மென்மையான சமையல் என்று ஆரோக்கியக் குறிப்புகள் எழுதுபவர்கள் சொல்லிச் சொல்லி, நாமும் நம்பிவிட்டோம். கணக்கு வேறு சொல்கிறது. 160 டிகிரி அவனில் ஒரு கிராம் சூடான காற்று 70 டிகிரிக்கு இறங்கும்போது பாத்திரத்துக்குக் கொடுப்பது ஏறத்தாழ 90 ஜூல். 100 டிகிரி நீராவி ஒரு கிராம் அதே பாத்திரத்தின்மேல் தண்ணீராகப் படியும்போது, ஆவியாகையில் வாங்கிய அந்த 2,260 ஜூலையும் அப்படியே கொட்டிவிடுகிறது. அவனுக்குள் கையை நீட்டித் தட்டைத் தொடாமல் ஒரு நொடியில் எடுத்துவிடலாம். இட்லிச் சட்டியின் மூடியைத் திறக்கும்போது கை பட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியும். அவசரமாக அவித்த வட்டலப்பத்தில் ஓட்டை ஓட்டையாக விழுவது இதனால்தான். சிலருக்கு அந்த ஓட்டைகள்தான் பிடிக்கும், பாகு அதில் தங்கும் என்பார்கள். சீஸ்கேக்குக்கு அது ஆகாது.

மாற்று வழி என்ன? மூடியைச் சற்று விலக்குவது. சட்டிக்கும் மூடிக்கும் நடுவே ஒரு கரண்டிக் காம்பைச் செருகினால் போதும். வெளிக்காற்று உள்ளே கலக்கும். கலந்த நீராவி எந்த வெப்பநிலையில் தண்ணீராகப் படியும் என்பது அந்தக் கலவையில் அதன் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. பத்தில் ஏழு பங்கு நீராவியும் மூன்று பங்கு காற்றும் என்றால் 90 டிகிரி. பாதிக்குப் பாதி என்றால் 81. ஒரு காம்பின் தடிமனில் சட்டிக்குள் வெப்பம் 10, 20 டிகிரி இறங்கிவிடுகிறது! அடியில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தாலும்.

இதைவிட எனக்குப் பிடித்தது அந்தக் காற்று செய்யும் அடுத்த வேலை. பாத்திரத்தின்மேல் ஆவி படிந்து தண்ணீராகி வழிகிறது. கூட வந்த காற்று படிய முடியாமல் அங்கேயே நிற்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் அது சேர்ந்து, பாத்திரத்தைச் சுற்றி மெல்லிய காற்றுப் படலம் உண்டாகிறது. பின்னால் வரும் ஆவி அந்தப் படலத்துக்குள் நுழைந்து நுழைந்துதான் பாத்திரத்தை எட்ட வேண்டும். கொஞ்சம் காற்று இருந்தாலே வெப்பம் போகும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். அனல்மின் நிலையங்களில் டர்பைனைச் சுழற்றி வந்த நீராவியைக் குளிர்விக்கும் பகுதியில் இந்தக் காற்றுதான் பெரிய தொல்லை. அதை இழுத்து வெளியேற்றவே தனிப் பம்புகள் வைத்திருக்கிறார்கள். அங்கே விரட்டப்படும் காற்றைத்தான் நாம் இங்கே வா என்று கூப்பிடுகிறோம். ஜப்பானியர்கள் சவான்முஷி என்ற உப்புச்சுவை முட்டைக் கூழை அவிக்கும்போது மூடியின் கீழே ஒரு சாப்பாட்டுக் குச்சியைச் செருகுவது இதற்காகத்தான். இட்லிக்கும் கொழுக்கட்டைக்கும் நம் வீடுகளில் இப்படிச் செய்யும் பழக்கம் வராததில் வியப்பில்லை. மாவுச்சத்து முழுக் கொதியாவியைத் தாங்கும்.

இதை யாரும் தெர்மோஸ்டாட் என்று நினைத்துவிட வேண்டாம். தீ எவ்வளவு, இடைவெளி எவ்வளவு, ஜன்னல் வழியாகக் கடற்காற்று அடிக்கிறதா என்பதெல்லாம் கணக்கை மாற்றும். தீ சிறியதாகவே இருக்கட்டும். மூடியிலிருந்து சொட்டும் நீர் மேற்பரப்பைக் குழியாக்காமலிருக்க, டப்பாவின் வாயை ஒரு தட்டால் மூடிவிடுங்கள்.

மணல் குக்கர் ஏன் ஏமாற்றியது என்பது இனி நீட்டிச் சொல்லத் தேவையில்லாத விஷயம். மணலோ உப்போ தானாக வெப்பம் தராது; அடியிலிருந்து வரும் தீயைப் பரப்பிக் கொடுக்கும். தண்ணீர் இல்லாத குக்கருக்கு 100 டிகிரி என்ற கூரையும் கிடையாது. உப்பி எழும் சாதா கேக்குக்கு அது ஓடும், முட்டைக் கூழுக்கு ஓடாது. ‘பேக்கரியை மிஞ்சும்’ என்று தலைப்புப் போடும் வீடியோக்கள் ஒன்றிலாவது வெட்டிய துண்டின் ஓரத்தைக் கிட்டத்தில் காட்டுகிறார்களா என்று பாருங்கள்.

வரலாறும் கேட்பீர்கள் என்பதால் ஒரு பத்தி. கிறிஸ்துவுக்கு முன் 160ஐ ஒட்டி ரோமாபுரியின் கேட்டோ எழுதிய வேளாண் நூலில் சீஸ், மாவு, தேன், முட்டை சேர்த்துச் செய்யும் பண்டம் ஒன்று வருகிறது. பாத்திரம் மண்சட்டி, மேலே மண்மூடி. இன்றைய கிரீம் சீஸ் 1870களில் நியூயார்க் மாநிலத்துப் பால்பண்ணைகளில் வந்தது. ஒடிசாவின் சேனாபோடா, பாலாடைக்கட்டியைச் சாலமர இலையில் பொதிந்து கனலில் சுடுவது. கழன்று வரும் வளையம் இவற்றில் எங்கும் இல்லை.

சீஸுக்கு என்ன செய்வது? கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில் மூட்டைகட்டி, பிரிட்ஜுக்குள்ளேயே ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் கோட்டைப்பட்டினத்து வெக்கைக்குப் புளித்துவிடும். கிரீம் சீஸில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. வடித்த தயிரில் அதில் பாதிகூட வராது. அந்தக் குறையைத் தீர்க்க ஃபிரெஷ் கிரீமோ, கெட்டியான முதல் தேங்காய்ப் பாலோ வேண்டும். 400 கிராம் வடித்த தயிர், 200 மில்லி கிரீம், 150 கிராம் சீனி, 3 முட்டை, ஒரு கரண்டி சோள மாவு. மிக்ஸியில் நுரைக்க அடிக்காமல் கரண்டியால் கலக்குங்கள். புகுந்த காற்று வேகும்போது விரிந்து, ஆறும்போது சுருங்கி, மேலே விரிசல் விடும்.

பாத்திர விஷயத்தில் அலுமினியமா எவர்சில்வரா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வெப்பத்தை மெதுவாக்குவது உள்ளே இருக்கும் கலவைதான், உலோகமல்ல. ஆழம்தான் முக்கியம்: ஆழம் பாதியானால் வேகும் நேரம் ஏறக்குறைய கால்பங்காகும், ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசமும் சுருங்கும். சின்னக் கிண்ணங்களில் பாதியளவு ஊற்றி அவித்தால் விசேஷ டின்னுக்கு வேலையே இல்லை, வட்டலப்பத்தைப் போலக் கிண்ணத்தோடே பரிமாறலாம். முழுசாக எடுத்தே ஆக வேண்டும் என்பவர்கள், தணலில் வாட்டிய வாழையிலைப் பட்டைகள் இரண்டைக் குறுக்காகப் போட்டு, நுனிகள் டப்பாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டுவிடுங்கள். ஆறி இறுகிய பிறகு நான்கு நுனிகளையும் பிடித்துத் தூக்கினால் வந்துவிடும்.

நேரத்தைப் பார்த்து இறக்காதீர்கள். நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு நடுக்கம் மிச்சமிருக்கும்போதே அடுப்பை அணைத்து, மூடியை முழுதாக எடுத்துவிட்டு, சட்டியிலேயே ஆறவிடுங்கள். மிச்சச் சூடு அந்த ரூபாயையும் முடித்துவிடும். பிறகு பிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தால் கொழுப்பு இறுகித் துண்டு போட வரும்.

அடியில் பரப்பச் சொல்லும் பிஸ்கெட் தூள் மட்டும் ஆவியில் நமத்துக் கூழாகிவிடும். அதற்கு மருந்து கிடையாது. மாரி பிஸ்கெட்டை உடைத்து, நெய்யில் சிவக்க வறுத்து டப்பாவில் போட்டு வையுங்கள், சாப்பிடும்போது மேலே தூவிக்கொள்ளலாம்.